ஓடாத பதினெட்டுக் கிலோமீற்றர்

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில், வசந்தகால மரதன் ஓட்டப் போட்டிக்காகக் குளிர்காலம் முழுவதும் ஓடிப் பழகினேன். ஓடிய தூரத்தை நாட்குறிப்பில் எழுதி, வாரந்தோறும் யாழ்ப்பாணத்திலிருந்த மனைவிக்கும் அனுப்புவேன். அவளுடைய விசா வரும்வரை எனக்கிருந்த ஒரே பிடி அந்த ஓட்டம்தான்.

ஒரு ஞாயிறு பனி கொட்டியது. போர்வைக்குள்ளேயே கிடந்துவிட்டு, கடிதத்தில் பதினெட்டுக் கிலோமீற்றர் என்று எழுதினேன்.

மாதம் ஒன்று கழிந்து, அவள் குரல் பதிந்த கசெற் வந்தது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் ஓடுற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் முழங்காலிலை நிண்டு ஒரு செபமாலை சொல்லுறன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பதினெட்டு! முழங்கால் வீங்கிப்போச்சு. கொஞ்சம் குறைச்சு ஓடுங்கோவன், மனிசி பாவமெல்லே?" சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் எழுந்து சப்பாத்தைக் கட்டினேன். அறைத்தோழன் சூசை மறித்தான்.

"அண்ணை, வெளியிலை ஐஸ் மழை. உங்களுக்கு விசரே?"

"ஓம்" என்றுவிட்டு இறங்கினேன்.

துறைமுகத்தைச் சுற்றிப் பதினெட்டையும் ஓடினேன். ஒவ்வொரு கிலோமீற்றர் முடிவிலும், அவள் ஒரு செபமாலை சொல்லி முடிக்கும்வரை நின்று காத்திருக்க வேண்டும்போல் இருந்தது.

பொய்யைக் கடிதத்தில் எழுதிவிட்டேன். உண்மையை அவள் முகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். மரதன் முடிந்த பிறகும் விசா வரவில்லை.