நாலாவது இணைப்பு

எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரருக்கு ‘சனிக்கிழமை’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, நாங்கள் வைத்தது. ஆறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ‘வார இறுதி வாசிப்பு’ என்று ஒரு பட்டியல் போடுவார். பத்துப் புத்தகம், பத்து இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் கீழே ‘உலுக்கி எடுத்துவிடும்’, ‘தூங்க விடாது’ என்று ஒரு வரி. அதை வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்தில்தான் தயாரிப்பார். கால் உடைந்தவர் விண்ணப்பத்தோடு எதிரே நின்றால், "ஒரு நிமிஷம் உக்காருங்க" என்பார். கால் கூடிவிடும், பட்டியல் முடியாது.

அவர் புத்தகம் படித்து நான் பார்த்ததில்லை. பின்னட்டையோடு சரி. குழுவிலிருந்த நாற்பத்து மூன்று பேரும் அவருக்குச் சளைத்தவர்கள் அல்ல. ஏழடித்த மறுநிமிடமே கைதட்டல் படங்கள் வந்து குவியும். பொய் சொல்வானேன், பல் விளக்கிக்கொண்டே நானும் தட்டுவேன்.

அவருக்கு ஒரே மனக்குறை, மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாவும் குழுவில் இருக்கிறார். ஆறு வருடத்தில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. "ஊரே கொண்டாடுது, வீட்டுல திரும்பிப் பாக்க ஆளில்ல சார்" என்று புலம்புவார்.

ஒரு வாரம் அவர் வீட்டுத் துணி துவைக்கும் மெஷின் மக்கர் செய்தது. கையேட்டைத் தேடித் தரச் சொல்லி மனைவி நச்சரிக்க, மனிதர் இணையத்தில் தேடிப் பிடித்தார். பிடித்தவர் அந்த இணைப்பை, ‘நான்கு தலைமுறைக் கண்ணீர்’ என்று ஒரு வரி போட்டிருந்த நாலாவது நாவலுக்குக் கீழே ஒட்டிவிட்டார்.

வழக்கம்போல் கைதட்டல். பல் டாக்டர் ஒருவர் ஒருபடி மேலே போனார்: "நாலாவத ஒரே மூச்சுல முடிச்சேன். கடைசி அத்தியாயத்துல அழுதுட்டேன்."

கடைசி அத்தியாயம் உத்தரவாத நிபந்தனைகள். அதைப் படித்து அழுதவர்கள் உண்டுதான், ஆனால் டாக்டர் அந்த ரகமில்லை.

டாக்டரே அழுதிருக்கிறாரே, நாமும் அழலாம் என்று ஞாயிறு இரவு நாலாவதைத் திறந்திருக்கிறார் நம்மவர். திங்கட்கிழமை பேயறைந்த முகத்தோடு வந்தார்.

"யாருமே படிக்கலையா சார்? நீங்களாவது என்னிக்காவது ஒண்ணத் திறந்தீங்களா?"

"திறக்காம இருப்பேனா?" என்றேன் வாய் கூசாமல். நம்பினார். அதுதான் எனக்கு வலித்தது.

மதியம் குழுவுக்கு எழுதினார்: ‘நாலாவது இணைப்பு தவறு. அது துணி துவைக்கும் மெஷினின் கையேடு. நான் பரிந்துரைத்த எதையும் நானே படித்ததில்லை. மன்னிக்கவும்.’

"அனுப்பாதீங்க சார், நாப்பத்து மூணு பேர் மானமும் போகும்" என்று கெஞ்சினேன். அனுப்பிவிட்டார்.

இரண்டு நிமிடத்தில் முப்பத்தெட்டுக் கைதட்டல். டாக்டர், "உலுக்கிட்டீங்க!" என்றிருந்தார்.

சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. போனை நீட்டினார். குழுவில் மனைவியின் முதல் செய்தி:

"பதினோராம் பக்கத்தப் பாத்து காலையில வடிகட்டியக் கழுவினேன். மெஷின் ஓடுது. இந்த வருஷம் நீங்க போட்டதுல பதினஞ்சு படிச்சேன். ரெண்டுதான் தேறும்."

"எந்த ரெண்டு சார்?" என்று என்னைக் கேட்டார். எனக்கெப்படித் தெரியும்? அரைநாள் விடுப்பு எழுதி என் மேசையில் வைத்துவிட்டு, மனைவியிடம் கேட்க வீட்டுக்குக் கிளம்பினார்.