பஞ்சர் கடைக்காரரின் குரல்

மேல்ரோட்டுக்கு அடியில் இருபத்திரண்டு வருஷம் பஞ்சர் ஒட்டியவர் அவர். பக்கத்துக் கடை என்னுடையது, முடி வெட்டும் கடை. தலைக்கு மேலே ராப்பகலாய் லாரி ஓடும். அதற்கு அடியில் யாரும் பேசியதே இல்லை, கத்தத்தான் செய்தோம். அதிலும் அவர் கத்துவது தனி ரகம். டிரைவர்கள் இன்ஜினை நிறுத்தாமலே கேள்வி கேட்பார்கள், இவர் வண்டிக்கு அடியில் படுத்தபடி பதில் சொல்வார். என் கடைக்குள் மட்டும் அந்தத் தொல்லை கிடையாது. முடி வெட்டுகிறவன் வாய் எப்போதும் அடுத்தவன் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அவர் வீடு எதிர்க் கட்டடத்தில் இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் மேல்ரோட்டின் சுவர். சம்சாரம் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஒரே மகள், கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். குழந்தை பிறந்த பிறகு ஒரே ஒரு தடவை வந்தாள். பிள்ளை கண்ணை மூடவே இல்லை. சாயங்காலமே பையைத் தூக்கிவிட்டாள்.

"இந்தச் சத்தத்துல எப்படிப்பா இருக்கறது? இந்த ரோடு ஒழியட்டும், ஒரு மாசம் வந்து இருக்கேன்."

பேச்சுக்குச் சொன்னாளோ என்னவோ, மனுஷன் அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் மேல்ரோட்டுத் தூண்களில் விரிசல் விட்டது. பழுது பார்ப்பதா, இல்லை இடித்துவிட்டுத் தரையிலேயே மரம் வைத்து, நடைபாதை போட்டு, வண்டி மெதுவாகப் போகிற தெருவாக ஆக்குவதா என்று பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். கீழே கடை வைத்திருந்த நாங்கள் எல்லாரும் இடிக்கக் கூடாது என்றோம். இடிக்கச் சொல்லி எங்கள் வரிசையிலிருந்து எழும்பியது ஒரே ஒரு கை. அவருடையது.

"லாரி போச்சுன்னா உங்களுக்கு வேலை ஏது? உங்க பொழப்புல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கறீங்களே அண்ணே!" என்றேன்.

"பொண்ணு வரணும்டா" என்றார். மேடையில் இருந்த இன்ஜினியரே திரும்பிப் பார்த்தார்.

இடித்து முடிக்க இரண்டு வருஷம். எங்கள் கடைகளைத் தெரு ஓரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். தூசி அடங்கியதும் பார்த்தால் மேலே வானம், கீழே மரக்கன்று, பெஞ்சு, சைக்கிளில் போகிற பிள்ளைகள். நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. லாரி டயர் கழற்றிய கை சைக்கிள் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடியது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். புது மெத்தை வாங்கினார். அழுக்கில் இறுகிக் கிடந்த ஜன்னலை உளி வைத்துத் திறந்தார்.

மகள் வந்தாள். பையனுக்கு இப்போது மூன்று வயசு. முதல் நாள் மத்தியானம் அவன் தூங்கிக்கொண்டிருக்க, இவர் படியேறிப் போய் வாசலில் நின்று கேட்டார்.

"தூங்கறானா?"

தெருக்கோடியில் இருந்த நாய் எழுந்து நின்றது. பையன் அலறிக்கொண்டு எழுந்தான்.

"அப்பா! மெதுவாப் பேசுங்கப்பா!"

"மெதுவாத்தானேம்மா பேசறேன்!"

அதுவும் என் கடை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. ஷேவிங்குக்கு உட்கார்ந்திருந்தவர் சிரித்ததில் கன்னத்தில் கத்தி பட்டுவிட்டது. மேல்ரோடு இருந்தவரை அந்தக் குரல் எங்களுக்கு வித்தியாசமாகப் பட்டதே இல்லை. காதும் மந்தமாகிவிட்டிருந்ததால் தன் குரல் எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை.

தாத்தா வாயைத் திறந்தாலே பையன் அம்மா முந்தானைக்குள் போய்விடுவான். மூன்றாம் நாள் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாளாம், "ரோட்டை இடிச்சாங்க, ஆனா அது நம்ம வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சுப்பா."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. எல்லாம் ஜாடைதான். சாப்பிட்டாயா என்று கேட்கக் கையை வாய்க்குக் கொண்டுபோவார், தூங்கறானா என்று கேட்க உள்ளங்கையைக் கன்னத்தில் வைப்பார். ஐந்தாம் நாள் அவள் கிளம்பிவிட்டாள். "எங்க வீட்டுக்காரருக்குத் தனியா சமைச்சு சாப்பிட வராது மாமா" என்று என்னிடம்தான் காரணம் சொன்னாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போய் வந்தார்.

பிறகு கடை மூடியதும் நான் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பழக்கினேன். "அண்ணே, என் காதுல ரகசியம் சொல்ற மாதிரி சொல்லுங்க."

ஒன்று காது கிழியும், இல்லாவிட்டால் வெறும் காற்று வரும். "நடுவுல எனக்கு ஒண்ணுமே இல்லடா" என்றார். எதிர்வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போன் அடித்தது. மகள்தான். எடுத்து என் கையில் திணித்தார்.

"அப்பா எங்க மாமா?"

"பக்கத்துலதான் இருக்காரும்மா."

"பேசச் சொல்லுங்க."

அவர் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினார். "பையன் தூங்கறானான்னு கேக்கறாரும்மா" என்றேன்.

"இல்ல மாமா, முழிச்சுக்கிட்டு ஆட்டம் போடறான். அப்பாவே கேக்கக் கூடாதா?"

நான் போனை நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அங்கே பையன் எதையோ தட்டிப் பாடும் சத்தம் எனக்கே கேட்டது. "அப்பா? அப்பா, இருக்கீங்களா?" அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார். பிறகு போனில் பட்ட கிரீஸைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனார்.