மணிப்பூவும் மீன்பெட்டியும்

தன்னாமுனையில் தையல் மெஷின் வைத்திருந்த சீதேவிப்பிள்ளைக்கு எதையும் கிளறிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. ஆப்பிள், திராட்சை என்று அவளுடைய கிணற்றடியில் புதைபடாத விதை இல்லை. முளைத்தவைதான் குறைவு.

சண்டை நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றாறில், சுவிஸில் இருந்த தங்கை மகள் ஒரு விதைப் பக்கெற் அனுப்பினாள். வெளியே நீல மணிகள் தொங்கும் படம். ஒருமுறை நட்டால் வருடாவருடம் வேரிலிருந்தே தழைக்குமாம். சீதேவிப்பிள்ளையைக் குடைந்த கேள்வி வேறு. மணி என்றால் உள்ளே நாக்கு இருக்க வேண்டுமே? படத்தில் உட்புறம் தெரியவில்லை. ஏறாவூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் ஹோர்ன் அடித்து மீன் கொண்டுவரும், அவள் அண்ணன்முறையில் காக்கா என்று கூப்பிடும் பதியுதீன், இருக்கும் என்று அடித்துச் சொன்னார். இவள் இருக்காது என்றாள்.

பாதி விதையைத் தூவினாள், ஒன்றும் அசையவில்லை. குளிருக்குள் கிடந்தால்தான் முளைக்கும் என்று தங்கை மகள் போனில் சொன்னாள். கரண்டே இல்லாத ஊரில் குளிருக்கு எங்கே போவது? மீதி விதையை ஈரத்துணியில் முடிந்து, பொலித்தீனில் சுற்றி, பதியுதீனின் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். ஒரு மாதம் அது பாரையோடும் கணவாயோடும் ஊர் சுற்றியது. பிறகு முளைத்தது. வெயிலுக்குத் தப்பிய ஒரே செடியைச் சட்டியில் வைத்து, கைக்குழந்தைபோலப் பார்த்தாள். மறுவருட மாரியில்தான் மொட்டு விட்டது.

அது விரிவதற்குள் தமிழர் ஊரான தன்னாமுனைக்கும் முஸ்லிம் ஊரான ஏறாவூருக்கும் நடுவே குழப்பம் வந்தது. யாரோ செய்ததற்கு வேறு யாரோ செத்தார்கள். பதியுதீன் வராமல் போனார்; தன்னாமுனையின் குறுகிய ஒழுங்கைகளில் மீன் ஹோர்ன் ஓய்ந்தது.

பூ விரிந்த அன்று சீதேவிப்பிள்ளை குனிந்து உள்ளே பார்த்தாள். பார்த்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அடுத்து அதைப் பார்க்க வேண்டியவர் ஏறாவூரில் இருந்தார். பூவோ நாலு நாள் தாங்காது. போகாதே என்று அக்கம்பக்கத்தார் தடுத்தார்கள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் செடியை மண்ணோடு பிடுங்கி, சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவள் அதை மறுபடி மண்ணில் அழுத்தினாள். பதியுதீன் வீட்டு வாசலை அடைந்தபோது தண்டு துவண்டு பூ தொய்ந்து கிடந்தது.

பதியுதீன் அவளையும் தெருவையும் மாறிமாறிப் பார்த்தார். அவருடைய மனைவி றமீஸா அவளைக் கைபிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவர் சட்டியை ஐஸ் பெட்டிக்குள் இறக்கினார்.

“பொறந்த ஊட்டுக்குத்தானே வந்திரிக்கி. கொஞ்சம் கிடக்கட்டும்.”

தேநீர் குடித்தார்கள். குழப்பத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பெட்டியைத் திறந்தபோது தண்டு நிமிர்ந்திருந்தது. பதியுதீன் தலையைச் சாய்த்து மணிக்குள் வெகுநேரம் பார்த்தார்.

“நாக்கு இரிக்கி தங்கச்சி.”

“ஓம் காக்கா, நான்தான் தோத்துட்டன்.” தோற்றதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

புறப்படும்போது சட்டியை எடுக்கப் போனாள். அவர் மூடியில் கை வைத்துக்கொண்டார்.

“இது இஞ்ச இரிக்கட்டும். நாளைக்கு நான் கொண்டுவாறன்.”

அவள் வெறுங்கையோடு திரும்பினாள். மறுநாள் காலை தன்னாமுனை ஒழுங்கையில் மீன் ஹோர்ன் கேட்டது.