கத்தி எந்தப் பக்கம் தொங்கணும்?

நாடக உடை வாடகைக்கு விடும் தொழிலில் கிரீடம் தலைவலி என்றால், கத்தியைத் தொங்கவிடும் பெல்ட் வயிற்றுவலி. கடைக்கு வருகிறவர்கள் கத்தியைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். அது எதில் தொங்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. மேடையில் நழுவி விழுந்தால் மட்டும் நேராக என்னிடம் வந்துவிடுவார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் கடை போட்ட நாளிலிருந்து இதே பாடுதான். சமையல் பாத்திரமோ சாமியானாவோ, எதையாவது வாடகைக்கு விட்டுப் பழகியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

இடது கை ராணி

மாறுவேடப் போட்டிக்காக யு.கே.ஜி. படிக்கும் மகளை ஓர் அம்மா கூட்டிவந்தார். ராணி வேஷம். பெல்ட்டைக் கட்டி, வழக்கம்போல இடப்பக்கம் உறையைத் தொங்கவிட்டு, "உருவு பார்க்கலாம் கண்ணு" என்றேன். குழந்தை இடது கையை நீட்டியது. கத்தி பாதி வந்து மாட்டிக்கொண்டது. இடது கைப் பழக்கம் என்றால் உறை வலப்பக்கம் இருந்தால்தான் கத்தி முழுசாக வெளியே வரும். மாற்றப் போனேன். அம்மா தடுத்தார். "வேணாங்க. படத்துல எல்லா ராணிக்கும் இந்தப் பக்கம்தான் இருக்கு. ஜட்ஜுங்க மார்க்கைக் குறைச்சிடுவாங்க."

சரி என்று வலது கையால் உருவப் பழக்கினோம். உருவுவதும், கத்தியைக் கீழே போடுவதுமாகக் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு குழந்தை தானே பெல்ட்டைப் பிடித்து இழுத்து, உறையை வலப்பக்கம் கொண்டுவந்து, இடது கையால் சர்ரென்று உருவியது. அம்மாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டது: "கத்தி எனக்குத்தானேம்மா, ஜட்ஜுக்கா?"

எழுந்து நின்ற அரியணை

பக்கத்து பிளாக்கில் பொங்கல் விழா நாடகம். ராஜாவாக நடித்தவர் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்க்கும் சூப்பர்வைசர். நல்ல உடம்பு. பெல்ட்டைத் தொப்பைக்கு மேலே கட்டினால் மூச்சு முட்டியது, கீழே கட்டினால் நழுவியது. கடைசியில் பெல்ட்டையும் சட்டையையும் சேர்த்து முதுகுப் பக்கம் ஊக்குக் குத்தினேன். "உட்காரும்போது மட்டும் உறையைக் கையால ஒதுக்கிட்டு உட்காருங்க சார்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

அரியணை என்பது பட்டுத்துணி போர்த்திய பிளாஸ்டிக் நாற்காலி. வசன ஞாபகத்தில் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உறை நாற்காலியின் கைப்பிடிக்குள் நுழைந்துகொண்டது. எதிரி படையெடுத்து வந்த சேதி கேட்டு ஆவேசமாக எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில், இனி இந்த பிளாக்கில் எனக்கு வியாபாரம் இல்லை என்றே முடிவு செய்துவிட்டேன். மந்திரியாக நின்ற எலெக்ட்ரீஷியன் மட்டும் முகம் மாறாமல் கைகூப்பினார். "மன்னா, தாங்கள் போருக்குக் கிளம்பினாலும் அரியணை தங்களைப் பிரிய மறுக்கிறது."

முதுகில் ஒரு கத்தி

கல்யாண போட்டோ ஷூட்டுக்கு முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. மாப்பிள்ளை ராஜா உடையில் புல்லட் ஓட்ட வேண்டுமாம். இடுப்பில் கட்டினால் கியர் போடும் காலில் உறை இடித்தது. முதுகில் குறுக்கே கட்டிக்கொடுத்தேன். போட்டோகிராபர் உருவச் சொல்லும் வரை பிரமாதமாக இருந்தது. மாப்பிள்ளை கையை எவ்வளவு நீட்டியும் கத்தி நுனி உறையை விட்டு வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்தான் உருவி அவர் கையில் கொடுத்தாள். "வண்டி சாவி, துண்டு, கத்தி, எல்லாத்தையும் இனிமே நான்தான் எடுத்துக் குடுக்கணும் போலிருக்கு."

இடுப்பில் வேண்டாம்

செல்வி கம்மாபுரத்துக்காரி. டவுன்ஷிப்பில் கான்ட்ராக்ட் தோட்ட வேலை. மகளிர் குழு போட்ட நாடகத்தில் அவள்தான் ராணி. ஒத்திகை முழுக்க இடுப்பு பெல்ட்டோடு துள்ளியவள், விழா நெருங்கியபோது தனியாக வந்தாள். "இடுப்புல வேணாங்கக்கா. வேற எப்டினா தொங்கவுடுங்க." பெல்ட் இறுக்கமா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "இறுக்கி எதையும் கட்டக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

பிள்ளைக்காக வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் அவள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேஷத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடேன் என்றேன். "வசனம் பூரா எனக்குத்தாங்கக்கா மனப்பாடம். குதிக்கிற சண்டை மட்டும் வேணாம்னுட்டேன். வூட்ல மாமியாருக்குக்கூட இன்னும் சொல்லல." தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே இறங்கும் அகலமான வார் ஒன்றை எடுத்தேன். தோளில் உறுத்தாமல் உள்ளே மெத்துத்துணி வைத்துத் தைத்தேன். தகரக் கத்திக்குப் பதில் கனமில்லாத அட்டைக் கத்தி. கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நடந்தாள், திரும்பினாள், உருவினாள். ராணி மாதிரியே இருந்தாள்.

நாடகம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் உடையைத் திருப்பிக் கொடுக்க மாமியாரும் கூடவே வந்தார். வாரைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒரு கையில கத்தியை உருவிக்கினு, இன்னொரு கையை வவுத்து மேல வெச்சிக்கினு நின்னா பாருங்க, அப்பவே நான் தெரிஞ்சிக்கினேன்."

கத்தி வீச இதுவரை நான் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. அதைக் கட்டிக்கொண்டு நிற்கவும் நடக்கவும் உட்காரவும்தான் ஊருக்கு ஒரு கடை தேவைப்படுகிறது.