பொட்டு வைத்த கசெற்

எங்கள் வீட்டில் பாட்டுச் செற்றுக்குச் சட்டம் போடுகிறவன் நான்தான். மேலே துணி விரிக்கக் கூடாது, சூடு வெளியேற வேண்டும். விளக்கு வைக்கக் கூடாது, பூச்சாடியும் கூடாது. எதைத் தொடுவதென்றாலும் முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். தொழிற்சாலையில் மெஷின் பராமரிக்கிறவனுக்கு வீட்டிலும் வாய் சும்மா இருக்காது. நாடுவிட்டு வந்து டான்டினோங்கில் இருக்கும் இந்தச் சின்ன யூனிற் வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஒரே சீவன் அந்தச் செற்தான் என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

கசெற் போடுகிற பழைய செற் அது. எறிந்துவிட்டு வேறு வாங்கியிருக்கலாம். நாங்கள் அதை வைத்திருந்தது ஒரேயொரு கசெற்றுக்காக. சண்டைக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவார்கள். மனைவியின் தம்பி வன்னியிலிருந்து அப்படிப் பேசி, வெளியே வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டது அது. ஒரு பக்கம் முழுக்க அவன் குரல். ஆடு இரண்டு குட்டி போட்ட கதை, சேவல் ஒன்று அவனை மட்டும் தேடிக் கொத்துகிற கதை, இடையிடையே இருமல். ரேப் முடிகிற இடத்தில், "அக்கா, நான் வருவன். நீ அழாம இரு" என்பான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சண்டை முடிந்த பிறகும் இல்லை.

அடிக்கடி போட்டால் ரேப் தேய்ந்துவிடும் என்று நான்தான் வருடத்துக்கு ஒரு நாள் என்று வைத்தேன். சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு செற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, கசெற்றையும் அருகில் வைப்போம். விஜயதசமி காலையில், பிள்ளைகள் ஏடு தொடக்குவதுபோல, அதைப் போட்டுக் கேட்போம். அதற்கு முதல் வாரமே பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து உள்ளேயெல்லாம் துடைத்து வைத்துவிடுவேன்.

மகள் ஒருமுறை கசெற்றைப் பிரதி எடுத்துத் தருவதாகச் சொன்னாள். "அப்பா, ஐ கேன் கொப்பி இட். வன் ஆஃப்டர்நூன், தட்ஸ் ஆல்."

மனைவிக்கு முகம் மாறிவிட்டது. "செத்த ஆக்களின்ர குரலைத்தான் கொப்பி எடுத்து வைக்கிறது. அவன் வந்து நேர கதைப்பான்."

அவன் வருவான் என்ற நம்பிக்கை எனக்கு விட்டுப்போய் எத்தனையோ வருடம். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் கேரம் டவுன்ஸ் கோயிலில் அவன் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்கிறவளிடம் அதை எந்த வாயால் சொல்வது? காரை ஓட்டிக்கொண்டு போய் அவளை இறக்கிவிடுவேன், அவ்வளவுதான்.

போன வருடம் பூசையின்போது அவளுக்கு முழங்கால் வலி, குனிய முடியவில்லை. "நீங்களே செற்றுக்குப் பொட்டு வையுங்கோ" என்றாள். எனக்கு அதில் எப்போதும் ஒரு எரிச்சல். சந்தனம் பொத்தான்களின் இடுக்கில் காய்ந்துவிடும், பல்லுக்குத்தியால் நோண்டி எடுக்க வேண்டும். செற் ஏன் அழுக்காக வேண்டும் என்று நினைத்துப் பொட்டைக் கசெற்றில் வைத்தேன். சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்துவிட்டேன் வேறு. இடதுபக்கச் சக்கரத்து ஓட்டைக்கு மேலே, வட்டமாக, வடிவாகத்தான் இருந்தது. கெட்டித்தனமான வேலை என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை அவள் கதிரையில் வந்து இருந்தாள். போட்டேன். ஆடு வந்தது, சேவல் வந்தது. வழக்கமாகச் சிரிக்கிற இடத்தில் சிரித்தாள். கடைசி இருமலும் போனது. பிறகு "அக்கா" என்ற சொல் இழுபட்டு, மாடு கத்துவதுபோல் ஆகி, செற்றுக்குள் ஏதோ கரகரத்தது.

நிறுத்துகிற பொத்தானை அமத்தியிருந்தால் ரேப்பை இழுக்கிற உருளை அதை விட்டிருக்கும். என் கை சுவருக்குத்தான் போனது. பிளக்கைப் பிடுங்கினேன். உருளை ரேப்பைக் கவ்வியபடியே நின்றுவிட்டது. கசெற்றை வெளியே இழுத்தேன், அறுந்தது.

மேசையில் வைத்துத் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். சந்தனம் சக்கரத்து ஓட்டையால் இறங்கி உட்சுற்றுகளை ஒட்ட வைத்திருந்தது. பிரிக்கப் பிரிக்க, ரேப்பின் மண்ணிறப் பூச்சு துகளாக என் விரலில் வந்தது. அதில்தான் அவன் குரல் இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் இருந்தேன்.

"நான்தான் கசெற்றில பொட்டு வைச்சனான்" என்று அவளிடம் சொன்னேன்.

"அவன் வருவன் எண்டு சொல்லுற இடம்?"

"அழிஞ்சு போயிட்டுது."

அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எழும்பிக் குசினிக்குப் போனாள். அரிசி கழுவுகிற சத்தம் கேட்டது. உயிரோடிருக்கிறான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே அழித்துவிட்டேன். எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் சீலை மாற்றவில்லை. சேவல் கதையோடு அறுந்து நின்ற அந்தக் கசெற்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"கோயிலுக்கு வேண்டாம். இதை மகளிட்டக் குடுங்கோ. மிச்சத்தைக் கொப்பி எடுக்கட்டும்."