வெயில் படாத இடமும் கறுத்தது

1. பெரட்டுக் களம்

அன்று காலை, ஆளெண்ணி வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக் களத்தில் இருந்தவர்கள் இவர்கள். பெரிய கங்காணி. கணக்கப்பிள்ளை. தப்பு அடித்து ஆள் கூப்பிடும் மாரி. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள். முத்தாயியின் புருஷன் வேலு. தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயாவான நான். முத்தாயியும் இருந்தாள். அவள் நிற்கவில்லை, விழுந்து கிடந்தாள்.

மாசி மாதம். பகலில் மலை காயும், இரவில் பனி கொட்டும். ஹட்டன் பக்கம் அந்த மாதங்களில் அப்படித்தான். வெயிலில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மயக்கம் வருவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று சூரியன் இன்னும் மலைக்கு மேலே வரவில்லை.

கங்காணி சிரித்தார்.

"வெயிலே வரல. அதுக்குள்ள வெயில் மயக்கமா? நாளைக்கு நெலா வெளிச்சத்துக்கும் விழுவா போல."

"நேத்து வெயில் உள்ளுக்குள்ள தங்கிருச்சுங்க கங்காணி" என்றான் வேலு. "ஆள் எப்புடிக் கறுத்துட்டா பாருங்க."

கறுத்துத்தான் இருந்தாள். ஒரு வருஷத்துக்கு முன் மாநிறம். இப்போது முகம், கை, கழுத்து எல்லாம் அடுப்புக் கரி பூசினது போல இருந்தது. உடம்பும் பாதியாகிவிட்டது.

நானும் வேலுவும் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் டாக்டரையா உப்புப் போட்ட கஞ்சி கொடுக்கச் சொன்னார். வெயில் மயக்கத்துக்கு அதுதான் வழக்கம். ஒரு கோப்பை குடித்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சிக்குத் தேறியதால் வெயில்தான் என்று முடிவாகிவிட்டது. எல்லாரும் அப்படித்தான் நம்பினோம்.

2. நிழல்

வெயிலுக்கு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தோம். தலைத்துணியை ஈரமாக்கிக் கட்டச் சொன்னோம். கைக்குப் பழைய சட்டையின் கையை வெட்டி மாட்டினோம். முகத்துக்குத் தேங்காயெண்ணெய். டாக்டரையா இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு மருந்து கொடுத்தார். அதைப் பூசினால் முகம் பொம்மை மாதிரி இருந்தது. பெண்கள் கேலி செய்தார்கள்.

"கூத்துக்குப் போறியா முத்தாயி? என்ன வேசம்?"

"ஒன் மாமியா வேசம்டி" என்றாள் அவள். அப்போதும் வாய் குறையவில்லை.

டாக்டரையா தோட்டத்துத் துரையிடம் சொல்லி அவளைத் தவறணைக்கு மாற்றினார். தேயிலை நாற்றுப் போடும் இடம். மேலே பன்னைத் தழை வேய்ந்திருக்கும், வெயில் இறங்காது. உட்கார்ந்தே வேலை செய்யலாம்.

அங்கேயும் விழுந்தாள். வாந்தியும் வந்தது. இன்னும் கறுத்தாள்.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். வெயில் பட்டவள் நிழலுக்குப் போனால் தேற வேண்டும். இவள் நிழலிலேயே செத்துப்போவாள் போல இருந்தது.

கங்காணிக்கு வேறு கவலை. "சும்மா ஒக்கார ஆள் வச்சிருந்தா தொரை எங்கிட்ட கேப்பாரு. மாசக் கடைசிக்குள்ள எந்திரிக்கலன்னா பேர வெட்டிருவேன். குடியிருக்கிற காம்பராவையும் விட்டுட்டுப் போகட்டும்."

 வேலுவுக்கும் அவளுக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

3. வாய்க்குள்

மாதம் ஒரு முறை டவுனிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வருவார். சிங்களவர். தமிழ் கொஞ்சம் தெரியும், அதுவும் பத்தாது. எனக்குச் சிங்களம் வரும் என்பதால் பக்கத்தில் நிற்பேன்.

அவர் முத்தாயியின் கையைத் திருப்பினார். உள்ளங்கைக் கோடுகள் கறுப்பாக இருந்தன. வாயைத் திறக்கச் சொன்னார். விளக்கைப் பிடித்தேன். ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் நீலக்கறுப்பாகத் திட்டு.

"வாய்க்குள் எந்த வெயில் போச்சு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

பிறகு, "உப்பு ரொம்பச் சாப்பிடுவாளா, கேள்" என்றார்.

கேட்டேன். முத்தாயி என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சின்னத் துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். கல்லுப்பு.

மழைக் காலத்தில் எல்லாப் பெண்களும் அப்படி முடிந்து வைத்திருப்போம். காலில் அட்டை ஏறினால் வைக்க. ஆனால் மாசியில் அட்டை ஏது?

"வாயில போட்டுக்குவேங்க அக்கா" என்றாள். "போட்டாத்தான் நடக்க முடியுது. மத்தவுகளுக்குத் தெரிஞ்சா மசக்கைன்னு சிரிப்பாளுக."

பெரிய டாக்டர் தலையை ஆட்டினார். கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். பாஷை தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னையும் அனுப்பினார்கள்.

4. தண்ணீர்ச் சோதனை

ரயிலில் போகும்போது அவளுக்கு விளங்கும்படி சொன்னேன். பெரிய டாக்டர் எனக்குச் சொன்னதுதான்.

"மூத்திரக்காய் மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்காம். அதுல ஊறுறது ரத்தத்துல போயி ஒடம்புக்குச் சேதி சொல்லுமாம். உப்பப் புடிச்சு வை, தண்ணிய வெளிய விடுன்னு. ஒனக்கு அந்தச் சேதி போகலன்னு நெனைக்கிறாரு. காலையில மாரி தப்பு அடிக்கலன்னா பெரட்டுக்கு யாரு வருவா? அந்த மாதிரி."

"மாரி குடிச்சிட்டுப் படுத்துட்டானாக்கும்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

சோதனை இப்படி. ராத்திரி முழுக்கப் போகிற நீரை ஒரு போத்தலில் பிடித்து வைக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு படுக்கையிலேயே கிடந்து மணிக்கு ஒரு முறை நீர் விட வேண்டும். நல்ல உடம்பு என்றால் குடித்த தண்ணீர் மத்தியானத்துக்குள் இறங்கிவிடும், ராத்திரி நீரைவிடக் கூடுதலாக வரும். இறங்காவிட்டால் சேதி போகவில்லை என்று அர்த்தம்.

இடையில் உப்பு கூடாது. அவளுடைய முடிச்சை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அதை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தண்ணீரைக் குடித்து முடித்தாள். இரண்டாவது மணி நேரத்தில் தலை வலிக்கிறது என்றாள். அப்புறம் கை சில்லிட்டது. உதடு காய்ந்தது.

"அக்கா, ஒரு கல்லு குடுங்க. ஒரே ஒரு கல்லு."

"கூடாது புள்ள. கெட்டுப்போயிரும்."

"நான் கெட்டுப்போனா?"

நர்ஸைக் கூப்பிட்டேன். நர்ஸ் நாடி பார்த்துவிட்டு அங்குள்ள டாக்டரைக் கூட்டிவர ஓடினாள். டாக்டர் வந்து ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றார். சோதனை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று என்னிடம் சொன்னார். எனக்கு அது கொஞ்ச நேரமாக இல்லை.

"பாவி" என்றாள் முத்தாயி. "அக்கான்னு கூப்பிட்டேனே."

நான் அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு முடிச்சைத் தொடவில்லை.

கடைசிப் போத்தலில் அடி மறையும் அளவுக்குத்தான் இருந்தது. ராத்திரி போத்தலில் இருந்ததில் பாதிகூடக் காலை முழுவதும் சேர்த்து வரவில்லை. டாக்டர் அதைப் பார்த்த உடனே அந்தச் சுரப்பி மருந்தை ஊசியாகப் போட்டார். உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றினார். இன்னும் சில நாள் தோட்டத்தில் வைத்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்.

சாயங்காலம் கண் திறந்தாள். "பசிக்குதுக்கா" என்றாள். அவள் அப்படிச் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது.

5. பேர்

சுரப்பி தராததை மாத்திரையாகத் தினமும் விழுங்க வேண்டும், ஆயுசு முழுக்க. ஒரு நாள் தவறினாலும் ஆபத்து. காலையில் பெரட்டுக்கு முன்னால் என்னிடம் வந்து விழுங்கிவிட்டுப் போவாள். கறுப்பு மெல்ல வெளுத்தது.

பிறகு வந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி வேலை பழக்கும்போது நான் சொன்னது இவ்வளவுதான். வெயிலில் விழுந்தவளை நிழலில் போடு, உப்புக் கஞ்சி கொடு. தேறினதும் விட்டுவிடாதே. வெயில் படாத இடத்தையும் பார்.

கங்காணி பேரை வெட்டவில்லை. ஆனால் அவளை உடனே மலைக்கும் விடவில்லை. "தவறணையிலயே கெடக்கட்டும். அவளால முழுப்பேரு போட முடியாது" என்றார். முழு நாள் கூலிக்குரிய அளவு கொழுந்து எடுப்பதுதான் முழுப்பேர். அந்த மலைக்கு அது பதினாறு ராத்தல்.

அடுத்த மாசியில் அவளே கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். நல்ல வெயில். வேலு பக்கத்து மலையில் தேயிலைச் செடிகளின் தலையைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தான். நானும் வேலையை விட்டுவிட்டு இரண்டு தரம் ரோட்டுக்கு வந்து பார்த்தேன். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் போனேன்.

கங்காணி கூடையைத் தராசில் மாட்டினார். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

பதினெட்டு ராத்தல்.