கலவை அறைக்குள் போன கைப்பட்டை

ஒருவர் தமக்கு வந்த நோயைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அது அவருடைய உரிமை. ஆனால் அவர் வேலை செய்யும் அறையில் இன்னும் மூன்று பேர் இருக்கும்போது, அந்த உரிமை எந்த இடத்தில் முடிகிறது? சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் போர்மேனாக இருக்கும் எனக்கு, இந்தக் கேள்வி தீபாவளி சீசனில் ஒரு காலையில்தான் எழுந்தது. அதற்கு வெகுமுன்பே எழுந்திருக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மணிமருந்து எனப்படும் வெடிமருந்துக் கலவையை வெயில் ஏறுவதற்கு முன், விடிந்ததும் கலந்து முடித்துவிட வேண்டும். கலவை அறைக்குள் போகும் ஒவ்வொருவரையும் போர்மேன் சோதிப்பார். சேலையில் ஊக்கு இருக்கக் கூடாது. காலில் கொலுசு கூடாது. நைலான் துணி கூடவே கூடாது. சோதனை முடிந்ததும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் இரண்டு கைகளையும் வைக்க வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். உரசலில் பிறக்கும் ஒரு சிறு பொறி போதும், அறை இருக்காது.

எனக்கு முதலில் வந்தது தைராய்டு. சில ஆண்டுகள் கழித்து விரல் மூட்டுகள் வீங்கின. மதுரையில் பார்த்த மருத்துவர், “உங்க எதிர்ப்புச் சக்திக்கு ஆள் அடையாளம் தெரியலம்மா. அன்னைக்குத் தைராய்டை அடிச்சது, இப்ப மூட்டை அடிக்குது. ஒண்ணு இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணும் வர்றது உண்டு” என்றார். அன்றிலிருந்து தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மூட்டுக்கு வாரம் ஒருமுறை மட்டும் போடும் மாத்திரை வேறு. அதற்கு மறுநாள் முழுதும் குமட்டும். எந்தக் களைப்பு எந்த நோயுடையது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

மூட்டுக்கு வந்த இந்த முடக்குவாதத்துக்கு ஒரு குணம் உண்டு. விடியலில் விரல்கள் கட்டையாகிக் கிடக்கும். நேரம் ஏற ஏற இளகும். என் வேலையோ விடியலில் தொடங்குவது. மணிக்கட்டுக்கு ஆதரவாக ஒரு கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். நைலான் துணி, உள்ளே வளையாத உலோகத் தகடு, ஒட்டிப் பிரிக்கும் வார். வீட்டிலிருந்து அதைக் கட்டிக்கொண்டு வந்து, தொழிற்சாலைக்குள் நுழையுமுன் யாரும் பார்க்காதபோது கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவேன். கை சரியில்லாத போர்மேனை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பினேன். வீட்டில் நிலையான சம்பளம் என்னுடையது மட்டும்தான்.

அந்தக் காலையில் வாரைப் பிரிக்க இடது கை விரல்கள் மடங்கவில்லை. யாரிடமாவது பிரித்துவிடச் சொன்னால் நோய் வெளியே தெரிந்துவிடும். பருத்திக் கோட்டின் முழுக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு செம்புத் தகட்டில் கை வைத்தேன். உடம்பிலுள்ள மின்சாரம் மண்ணுக்குப் போனாலும் நைலானில் தேங்கியது போகாது. வேதியியல் பட்டதாரியான எனக்கு இது தெரியாததல்ல. பத்து நிமிடந்தானே என்று போனேன்.

உள்ளே மாரியம்மாளும் இன்னும் இரண்டு பேரும் மருந்தைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். மாரியம்மாள் ஆமத்தூர்க்காரர், கலவை வேலையில் என்னைவிட அனுபவம் கூடியவர். என் கை வீங்கி, பட்டை இறுக்கத் தொடங்கியது. கோட்டுக் கைக்குள் விரலை நுழைத்து வாரைத் தளர்த்தப் பார்த்தேன். ‘சர்’ என்று வார் பிரியும் சத்தம்.

மாரியம்மாள் தலையைத் தூக்கினார். “மேடம், அந்தக் கைய அசைக்காதீக.” பிறகு மற்ற இருவரிடமும், குரலை உயர்த்தாமல், “சல்லடைய அப்படியே வச்சுட்டு மெதுவா வெளிய போங்க. ஓடக் கூடாது” என்றார்.

கடைசியாக நானும் வெளியே வந்தேன். அறையிலிருந்து வெகுதூரம் தள்ளி, வேப்பமரத்தடிக்கு வந்தபின் என் கோட்டுக் கையை அவரே மேலே ஏற்றினார். பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“போன வாரம் ஒத்த ஊக்குக்காக என்னைய வீட்டுக்குத் திருப்பி அனுப்புனீக. நீங்க தகட்டையே கட்டிட்டு வந்திருக்கீக.”

“கை வலி மாரி. பிரிக்க முடியல.”

“எம்புட்டு நாளா?”

“மூணு வருசமா.”

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நாங்களே பிரிச்சு விட்டிருப்போம்லா?” பிறகு சொன்னார்: “எனக்கு ரெண்டு பிள்ளைக மேடம்.”

பட்டையை அவரே பிரித்து என் கையில் கொடுத்தார்.

“நான் போயி சொன்னா கோள் மூட்டுன மாதிரி இருக்கும். நீங்களே அண்ணாச்சிட்ட சொல்லிருங்க. மத்தியானத்துக்குள்ள நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிருவேன்” என்றார். அது மிரட்டல் அல்ல. எனக்கு அவர் கொடுத்த மரியாதை.

*அண்ணாச்சியின் அறையில்*

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். வேலை போய்விட்டது என்று முடிவுசெய்துகொண்டுதான் அவர் அறைக்குள் போனேன். பட்டையை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

“நாலு உசுரும்மா. படிச்ச பிள்ள செய்யற காரியமா இது?”

“தப்புதான் அண்ணாச்சி.”

“என்ன நோயி? தொத்துமா?”

“தொத்தாது. உடம்புல இருக்கிற எதிர்ப்புச் சக்தி உடம்பையே அடிக்கும். எனக்கு அப்படி ரெண்டு இருக்கு.”

“பங்காளிச் சண்டைன்னு சொல்லுங்க. அதுவும் ரெண்டு கோர்ட்டுல.” சிரிக்காமல்தான் சொன்னார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். ஒரு வாரம் எந்த மருந்து அறைக்கும் போகக் கூடாது என்றார். பிறகு மற்றொரு போர்மேனான பால்ராஜை வரவழைத்தார். பால்ராஜ் மல்லாங்கிணற்றிலிருந்து வருகிறவர். பேக்கிங்கும் லோடும் அவர் பொறுப்பு.

“அக்காவுக்கு விடியக்காலம் கை ஓடாதாம்லே. என்ன செய்யலாம்?”

“நான் நாலு மணிக்கே முழிக்கிற ஆளு அண்ணாச்சி. கலவைய நான் பாத்துக்கிறேன். அக்கா ஒம்பது மணிக்கு வந்து பேக்கிங்கைப் பாக்கட்டும்” என்ற பால்ராஜ், என்னைப் பார்த்து, “அங்கன இருக்கிற அம்புட்டுப் பொம்பளைக வாயிக்கும் இனி நீங்க பதில் சொல்லுங்கக்கா. எனக்கு முடியல” என்றார்.

மூன்று ஆண்டுகளாக நான் பயந்துகொண்டிருந்த பேச்சு கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மாரியம்மாள், அண்ணாச்சி, பால்ராஜ் மூவருக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது. மாரியம்மாள் என் பெயரைக் காப்பாற்றினார். அதற்கு முன்பே எங்கள் உயிரைக் காப்பாற்றியிருந்தார்.

ஆனால் அன்று வீடு திரும்பும்போது இன்னொன்றும் உறைத்தது. சான்றிதழ் உள்ள போர்மேன் எளிதில் கிடைக்கமாட்டார். அதனால் எனக்கு இடம் மாற்றித் தந்தார்கள். கூலிக்கு வரும் பெண் ஒருத்தி இதே நோயைச் சொல்லியிருந்தால், ‘குணமானதும் வா’ என்று அனுப்பியிருக்கக் கூடும். அவளும் மறைக்கத்தான் செய்வாள். மறைப்பது எத்தகைய ஆபத்து என்பதை அந்த வட்டாரத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் அன்று யாரும் இல்லை. ஒரு வாரம் கழித்து அண்ணாச்சியிடம் இதைச் சொல்லி, உடம்பு முடியாதவர்களுக்கு அன்று கூலி குறையாமல் வேறு வேலை கொடுக்கலாமே என்று கேட்டேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “சீசன்ல தெனமும் நாலு பேரு தலவலின்னு நிப்பாக” என்றார். பால்ராஜும் சேர்ந்து பேசிய பிறகு, ஒரு சீசனுக்கு மட்டும் பார்ப்போம் என்றார். சாக்குச் சொல்லி வந்து நின்றவர்களும் உண்டுதான்; அண்ணாச்சி பயந்த அளவுக்கு இல்லை.

இப்போது கலவை அறை வாசலில், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டபிறகே சோதனை தொடங்குகிறது. முடியவில்லை என்கிறவர் அன்று என்னிடம் பேக்கிங்குக்கு வருகிறார். அவருடைய அன்றைய கூலி போவதில்லை. போர்மேனை மாரியம்மாள் சோதிக்கிறார். சென்ற ஆண்டு எனக்குக் கண்ணும் வாயும் வறளத் தொடங்கின. அது மூன்றாவது நோய் என்று மருத்துவர் சொன்னார். மறுநாள் காலையிலேயே மாரியம்மாளிடமும் பால்ராஜிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.